மருதாசலம் பெயரில் ஒரு நம்பர்

நல்லூர், திருப்பூர்
3-6-1968

மாமா அவர்களுக்கு,

நீங்கள் என் பெயரைத் திருடிவிட்டீர்கள்.

நலம் விசாரித்துவிட்டு இதை எழுதலாமா என்று யோசித்தேன். விசாரித்தால் அது பொய்யாகப் போகும். அதனால் விட்டுவிட்டேன்.

தை மாதம் உங்கள் கம்பெனியை விட்டு வந்தபின் நல்லூரில் இரண்டு தையல் மிஷின் போட்டு நானும் மயிலாளும் பனியன் தைப்பது உங்களுக்குத் தெரியும். தெரியாத விஷயம் ஒன்று உண்டு. ஹூப்ளியில் ஒரு கடைக்காரர் எங்கள் சரக்கைப் பார்த்துவிட்டுத் தீபாவளிக்கு ஆறு பேல் பனியன் கேட்டிருக்கிறார். என் பெயரில் பில் வேண்டும் என்கிறார். பில் போட சேல்ஸ் டாக்ஸ் நம்பர் வேண்டும். நம்பர் இல்லாதவன் திருப்பூரில் என்ன செய்கிறான்? உங்களைப் போன்ற ஒருவரிடம் போய் அவர் பில்லில் தன் சரக்கை ஏற்றிவிடுகிறான். அவர் கமிஷனைப் பிடித்துக்கொண்டு, தன் லேபிளையும் வைத்துத் தைக்கச் சொல்கிறார். தைத்தவன் யாரென்று வாங்குகிறவனுக்குக் கடைசிவரை தெரியாது. எனக்கு அந்தப் பிழைப்பு வேண்டாம்.

அதனால் சேல்ஸ் டாக்ஸ் ஆபீசுக்கு அலைந்தேன். தனி ஆளா, கூட்டா, கூட்டுக் குடும்பமா என்று முதலில் கேட்டார்கள். நானும் என் சம்சாரமும் தைக்கிறோம் என்றேன். இது மூன்றில் எதிலும் வராது என்ற குமாஸ்தா, கடைசியில் தனி ஆள் என்று போட்டுக்கொண்டார். அடுத்த முறை வாடகைச் சீட்டு கேட்டார்கள். எங்கள் வீட்டுக்காரர், "வரி ஆபீசுக்கு எம் பேரு போகவே கூடாதுங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டார். மயிலாள் அவர் மனைவிக்கு இரண்டு பாவாடை தைத்துக் கொடுத்துச் சீட்டு வாங்கினாள்.

இன்று எல்லாம் சரியாக இருந்தது. குமாஸ்தா உள்ளே போய்விட்டு வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்களுக்குத்தான் நம்பர் இருக்குதே. அப்பறம் எதுக்குங்க இன்னொண்ணு?"

"எனக்குங்களா?"

"பொன்வேல் நிட்டிங் கம்பெனி. மொதலாளி மருதாசலம், தகப்பனார் சாமியப்பன். அறுபத்தஞ்சு ஐப்பசியில இருந்து கணக்குக் குடுத்துட்டு வர்றீங்க. ஒருத்தருக்கு ரெண்டு நம்பர் தர முடியாதுங்க."

பொன்வேல் எது? உங்கள் கந்தவிலாஸ் கம்பெனிக்குள் தட்டி மறைப்புக்கு அந்தப் பக்கம் இருப்பது. நான் கட்டிங் மாஸ்டராக வாரக்கூலி வாங்கிய இடம். அதற்கு நான் முதலாளி என்கிறார்கள்.

இது எப்படி நடந்தது? கல்கத்தாவில் சரக்கு விற்கிற வேலையை ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு இதற்குப் பதில் எழுதுங்கள்.

மருதாசலம்


வேலும் மயிலும் துணை

கல்கத்தா
11-6-68

கண்ணு மருதாசலத்துக்கு மாமன் ரத்தினசாமி எழுதுவது.

உன் கடுதாசி கிடைத்தது. படித்துவிட்டு மத்தியானம் சோறு இறங்கவில்லை. உன்னைத் தோளில் தூக்கிப்போய் மருதமலையில் மொட்டை போட்டவன் நான். அதை நீ நினைத்துப் பார்க்க வேண்டாம், எனக்கு நினைவு வந்தது, எழுதினேன்.

இங்கே வெயில் இன்னும் இறங்கவில்லை. துர்கா பூஜைக்கு என்று ஆர்டர் கேட்டால், போன வருஷ சரக்கே அலமாரியில் இருக்கிறது என்கிறான்கள். கழுத்து சுருங்குதாம். உன் கட்டிங் இருந்த வரைக்கும் இந்தப் பேச்சு வந்ததில்லை.

நீ எழுதிய விஷயம். மருதாசலம் என்கிற பேர் நம்ம பக்கம் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்குது. சாமியப்பனும் அப்படித்தான். ஆபீசுக்காரன் அவசரத்தில் எதையோ பார்த்துவிட்டு எதையோ சொல்லியிருப்பான். அதுக்குப் போய்த் திருட்டு அது இது என்று மாமனுக்கு எழுதலாமா?

அது கிடக்கட்டும், நம்பர் உனக்கு எதுக்கு? நம்பர் வாங்கினவன் பாட்டை என்னைக் கேள். மாசாமாசம் கணக்கு, வருஷம் முடிஞ்சா விசாரணை, எப்போ எவன் உள்ளே வந்து எந்தப் பேலைப் பிரிப்பான் என்று தெரியாது. ஹூப்ளி சரக்கைக் கந்தவிலாஸ் பில்லில் போடச் சொல்லி நம்ம கணக்குப்பிள்ளை கிட்டுசாமிக்கு எழுதுகிறேன். உன்னிடம் கமிஷன் பிடிக்க மாட்டேன். லேபிள் மட்டும் கந்தவிலாஸ் இருக்கட்டும், இல்லையென்றால் பில்லும் சரக்கும் ஒத்துவராது.

போன தீபாவளிக்கு நீ எங் கம்பெனி கேட்டு வாசலில் உட்கார்ந்ததை நான் அப்பவே மறந்துவிட்டேன். நீயும் மற.

அக்காவுக்கு மூட்டு வலி எப்படி இருக்குது?

ரத்தினசாமி


நல்லூர்
18-6-1968

மாமா அவர்களுக்கு,

அம்மாவுக்கு வலி அப்படியேதான் இருக்கிறது.

வேறு மருதாசலமாக இருக்கும் என்று நீங்கள் சொன்னதை நம்பிவிடத்தான் ஆசைப்பட்டேன். நம்பிக்கொண்டேதான் ஆபீசுக்குப் போனேன். மனுவைக் காட்டச் சொன்னேன். காட்டினார்கள். என் கையெழுத்து. ஓரத்தில் காய்ந்துபோன குங்குமம் கூட இருக்கிறது.

குங்குமத்தைப் பார்த்த பிறகுதான் அந்த நாள் நினைவுக்கு வந்தது. புது மிஷின் வந்த அன்று பூஜை போட்டோம். கம்பெனியில் எது புதிதாக வந்தாலும் முதலில் என் கை பட வேண்டும் என்பீர்கள். புதுப் பேலைப் பிரிப்பது நான், முதல் வெட்டு வெட்டுவது நான், மிஷினுக்கு ஸ்விட்ச் போடுவது நான். "எம் மருமகன் கைராசிக்காரன், அவன் தொட்டா ஓடும்" என்று எல்லாரிடமும் சொல்வீர்கள். கூச்சமாக இருக்கும். உள்ளுக்குள் பெருமையாகவும் இருக்கும். அன்று ஸ்விட்ச் போட்டு முடித்ததும் கட்டிங் மேஜை மேல் சில தாள்களை வைத்து, "மொதக் கையெழுத்தும் நீயே போடு கண்ணு" என்றீர்கள். கிட்டுசாமி பேனாவை நீட்டினார். கற்பூரம் கொளுத்தச் சொன்னால் கொளுத்துகிற மாதிரி போட்டுக் கொடுத்தேன். ஒன்று பதிவு மனு. இன்னொன்று, எனக்காகக் கிட்டுசாமி கணக்குக் கொடுக்கலாம் என்கிற அதிகாரக் கடிதம். இரண்டையும் போன வாரம்தான் முதன்முறையாகப் படித்தேன்.

ஆபீசர் கேட்டார்: "எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கீங்க. படிக்காம எப்படிக் கையெழுத்துப் போட்டீங்க?"

"கைராசிக்குப் போட்டேனுங்க" என்றேன்.

ஆபீசே சிரித்தது. பியூன் வெளியே போய் மற்றவர்களுக்கும் சொன்னான்.

இதைவிடப் பெரிய சிரிப்பு ஒன்று இருக்கிறது. அதை நான் தனியாகத்தான் சிரிக்க வேண்டும். போன தீபாவளிக்கு போனஸ் கேட்டு உங்கள் கேட்டு முன்னால் உட்கார்ந்தோம். சட்டப்படி இருபது பேர் வேலை செய்தால் போனஸ் உண்டு. நாங்கள் முப்பத்தெட்டுப் பேர். நீங்கள் வெளியே வந்து, "கந்தவிலாசுல பத்தொம்பது, பொன்வேல்ல பத்தொம்பது. ரெண்டும் வேற வேற கம்பெனி. பொன்வேல்காரங்க அவங்க மொதலாளியைப் போய்க் கேளுங்க" என்றீர்கள். "அவரு யாருங்க?" என்று எங்களோடு உட்கார்ந்திருந்த மாரப்பன் கத்தினான். "அவரு வெளியூர்ல இருக்கறாரு" என்றீர்கள்.

நான் உங்களுக்கு எதிரில், கை நீட்டினால் தொடும் தூரத்தில் உட்கார்ந்திருந்தேன் மாமா. "பொன்வேல் முதலாளி ஒழிக" என்று என் தொண்டை கிழியக் கத்தினேன். உங்களுக்கு அப்போது சிரிப்பு வரவில்லையா?

ஊருக்கு வாருங்கள். என்னோடு ஆபீசுக்கு வந்து, பொன்வேல் உங்களுடையது என்று சொல்லுங்கள். அந்த நம்பர் ரத்தானால்தான் எனக்கென்று ஒரு நம்பர் கிடைக்கும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

மருதாசலம்


வேலும் மயிலும் துணை

கல்கத்தா
29-6-68

கண்ணு மருதாசலத்துக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

ஆமாம், பொன்வேல் உன் பேரில்தான் இருக்குது. ஆனால் உன்னை ஏமாற்றணும் என்று நான் கூப்பிடவில்லை. பழனியாண்டவன் மேல் ஆணையாகக் கைராசிக்குத்தான் கூப்பிட்டேன். நீ தொட்டது எதுவும் நின்றதில்லை. அப்புறம், மருமகன் பேரிலேயே இருக்கட்டுமே என்று கிட்டுசாமி சொன்னான். இல்லை, நான்தான் சொன்னேனோ என்னவோ. இப்போது உட்கார்ந்து யோசித்தால் எது முன்னால் எது பின்னால் என்று பிடிபடவில்லை.

ஊரில் யார் செய்யவில்லை சொல்லு. பொண்டாட்டி பேரில் ஒண்ணு, சம்பந்தி பேரில் ஒண்ணு, செத்துப்போன சித்தப்பன் பேரில் கூட ஒருத்தன் நடத்துகிறான். எல்லாக் கணக்கையும் ஒரே பேரில் காட்டினால் வரி கட்டியே கந்தலாகப் போவோம். சட்டம் போடுகிறவனுக்கு நூல் விலை தெரியுமா, சாய விலை தெரியுமா? இருபது பேர் என்று எழுதிவிட்டுப் போய்விட்டான்.

சரி, நடந்தது நடந்தது. இப்போது ஒரு வழி சொல்கிறேன், கேள். பொன்வேலை நீயே எடுத்துக்கொள். நான் மனசோடதான் சொல்கிறேன். நம்பர் தயாராக இருக்குது, உன் பேரில் இருக்குது. விலாசம் நல்லூருக்கு மாறியது என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். ஹூப்ளிக்கு நாளைக்கே பில் போடலாம். நீ கேட்டதும் நம்பர்தானே? புது நம்பருக்கு அலைகிறவனுக்கு ஓடுகிற நம்பர் கிடைத்தால் கசக்குமா?

ஆபீசில் வேறு எதுவும் பேச வேண்டாம். அவர்கள் கேட்டாலும் பேச வேண்டாம்.

ரத்தினசாமி


நல்லூர்
8-7-1968

மாமா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் இதே பேச்சு.

மயிலாள், "எடுத்துக்கலாங்க. தேடிப்போற சாமி எதுக்க வந்தா வேண்டாம்பாங்களா?" என்றாள். அம்மாவிடம் கேட்டேன். "அவன் உனக்கு மாமன்டா. பேரு உங்கிட்ட இருந்தா என்ன, அவங்கிட்ட இருந்தா என்ன" என்கிறார். நானும் ஒரு நாள் முழுக்க முதலாளியாக இருந்து பார்த்தேன். பொய் சொல்லவில்லை, பிடித்திருந்தது. எந்த மிஷினை எங்கே நகர்த்துவது, கழுத்துப் பட்டிக்கு எந்த நூல் போடுவது என்று மனசுக்குள் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பொன்வேலுக்குப் போனேன். நான் கட்டிங் செய்த மேஜையில் இப்போது மாரப்பன் நிற்கிறான். என்னைப் பார்த்ததும் கத்திரியைக் கீழே வைத்துவிட்டுத் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"வாங்க மொதலாளி! வெளியூர்ல இருந்து எப்ப வந்தீங்க? பிரயாணமெல்லாம் சௌக்கியங்களா?"

உள்ளே ஒரே சிரிப்பு. யார் சொன்னார்களோ, ஆபீஸ் பியூன் வாயாகத்தான் இருக்கும். பிறகு அவன் சிரிக்காமல் பக்கத்தில் வந்து சொன்னான்: "டேய், லேபர் ஆபீசுல நாம போட்ட போனஸ் மனு இன்னும் உசுரோட இருக்குது. எதிர்மனுதாரர் பொன்வேல் மொதலாளின்னு போட்டிருக்குது. அதுல கீழ நீயும் கையெழுத்துப் போட்டிருக்கறே. உன்மேல நீயே குடுத்த மனுடா. யாருகிட்டப் போயி அழுவே?"

கிட்டுசாமியிடம் கேட்டேன். அவர் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார். மிஷின்கள் கந்தவிலாசுடையவை, பொன்வேல் வாடகைக்கு எடுத்திருக்கிறது. கட்டடம் கந்தவிலாசுடையது. கரண்டு கனெக்‌ஷன் கந்தவிலாசுடையது. நூல் பாக்கியும் பழைய வரிக் கணக்கும் மட்டும் பொன்வேலுடையவை. போனஸ் மனு பொன்வேலுடையது. எடுத்துக்கொள் என்று மனசோடு நீங்கள் கொடுத்தது இவ்வளவுதான். உங்கள் வரியையும் உங்கள் வழக்கையும் என் தலையில் கட்டிவிட்டு, அதற்கு அடையாளமாக ஒரு நம்பரும் தருகிறீர்கள்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. போன ஐப்பசி வரைக்கும் நான்கு மிஷின் பொன்வேல் பெயரில்தான் இருந்தது என்று கிட்டுசாமி வாய் தவறிச் சொல்லிவிட்டார். பிறகு ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டேன். "அதை மாமனைக் கேளுங்க" என்றார்.

கேட்கிறேன்.

மருதாசலம்


கல்கத்தா
17-7-68

மருதாசலத்துக்கு,

காய்ச்சலில் படுத்திருக்கிறேன். கை நடுங்குது, எழுத்து கோணலாக இருக்கும்.

கேட்டுவிட்டாய், சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிறந்தது மூணும் பொண்ணு. மூணையும் கட்டிக்கொடுத்தாச்சு. நாளைக்குக் கந்தவிலாஸ் மருமகன்களுக்குப் போகும். பொன்வேல் உனக்கு என்று நினைத்துத்தான் அந்த நாலு மிஷினை அதன் பேரில் வாங்கினேன். தைப்பொங்கலுக்குச் சாவியை உன் கையில் கொடுக்கலாம் என்று இருந்தேன். அதற்குள் தீபாவளி வந்தது. நீ கேட்டு முன்னால் உட்கார்ந்து ஒழிக என்று கத்தினாய். யாரை ஒழியச் சொன்னாய்? நான் உனக்கு எடுத்து வைத்ததை. அன்றைக்கு ராத்திரியே கிட்டுசாமியைக் கூப்பிட்டு மாற்றி எழுதச் சொன்னேன். கோபம்தான். பிறகு திருப்பி மாற்றலாம் என்று இருந்தேன், நீ தையில் போய்விட்டாய்.

நம்பினால் நம்பு. நம்பாவிட்டால் போ.

ஆபீசில் வந்து பொன்வேல் என்னுடையது என்று சொல்லச் சொல்கிறாய். சொன்னால் ரெண்டு கணக்கையும் ஒண்ணாகச் சேர்த்து மூணு வருஷத்துக்கு வரி போடுவான், மேலே அபராதம் போடுவான். லேபர் ஆபீசுக்காரன் பின்னாலேயே வருவான். பொய் மனு கொடுத்தேன் என்று கோர்ட்டுக்கு இழுப்பான். கந்தவிலாஸ் மூடினால் முப்பத்தெட்டு ஊட்டில் அடுப்பு எரியாது. அந்தப் பாவமும் உனக்குத்தான்.

பூஜை முடிகிற வரைக்கும் பொறு. நான் ஊருக்கு வந்து பேசிக்கொள்ளலாம்.

ரத்தினசாமி


நல்லூர்
24-7-1968

மாமா,

இந்தக் கடிதத்தை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன், வரவில்லை என்று சொல்ல முடியாதபடி.

உங்களுக்குக் காய்ச்சல் என்று அம்மாவிடம் சொன்னேன். அழுதார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. இதை எழுதும்போதும் எனக்கு உங்கள் மேல் கோபமா, வருத்தமா, என்ன இழவு என்று சொல்லத் தெரியவில்லை.

பொன்வேலை எனக்கென்று வைத்திருந்தது உண்மையானால் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நான் கேட்டு முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டேன் என்று எழுதப் போனேன். எழுத முடியவில்லை. உட்கார்ந்திருப்பேனா, மாட்டேனா? மாரப்பன் கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அல்லது சாவியை மடியில் கட்டிக்கொண்டு உங்கள் பக்கத்தில் நின்று, முதலாளி வெளியூரில் இருக்கிறார் என்று நானும் சொல்லியிருப்பேனோ என்னவோ. இதை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை.

முப்பத்தெட்டு வீட்டு அடுப்பைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அந்த வீடுகளுக்கு போனஸ் போகக் கூடாது என்றுதான் நடுவில் தட்டி கட்டினீர்கள். அன்றைக்கு அதில் என் அடுப்பும் ஒன்று. அந்தத் தட்டிக்குக் கம்பாக நட்டது என்னை. இனிமேல் அவர்கள் பசியைக் காட்டி என்னைப் பயமுறுத்தாதீர்கள்.

பூஜை முடிகிற வரைக்கும் என்னால் பொறுக்க முடியாது. விசாரணைக்கு ஆகஸ்ட் 12, காலை பதினொரு மணி என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். ஆபீசர் நேராகவே சொல்லிவிட்டார். பொன்வேல் என்னுடையது என்று நான் ஒப்புக்கொண்டால் அன்றைக்கே விலாசத்தை மாற்றி நம்பரைக் கொடுத்துவிடுவாராம், ஆனால் பழைய கணக்கு முழுவதற்கும் நான்தான் ஆள். என்னுடையது இல்லை என்று நான் மட்டும் சொன்னால் போதாதாம். கையெழுத்து என்னுடையதாக இருப்பதால், உண்மையான முதலாளி எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அதுவும் இல்லையென்றால் என் மனுவைத் தள்ளுபடி செய்து கோப்பை மூடிவிடுவார்களாம். ஹூப்ளிக்காரர் ஆகஸ்ட் கடைசி வரைக்கும்தான் காத்திருப்பேன் என்று எழுதிவிட்டார். மயிலாள் சரக்கைத் தைத்து அடுக்கிக்கொண்டே இருக்கிறாள். வீட்டில் படுக்க இடமில்லை.

இதனுடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். நானே எழுதியது. "பொன்வேல் நிட்டிங் கம்பெனி ஆரம்பம் முதல் என்னால் நடத்தப்பட்டது. மருதாசலத்துக்கு அதில் உரிமையோ லாபமோ கிடையாது." அவ்வளவுதான். குங்குமம் வைக்கவில்லை. நன்றாகப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் பன்னிரண்டாம் தேதிக்குள் அனுப்புங்கள்.

மருதாசலம்


தபால் கார்டு

நல்லூர்
13-8-1968

மாமா,

இதைக் கார்டில் எழுதுகிறேன். உங்கள் லாட்ஜில் இருக்கிற நம் ஊர்ப் பனியன்காரர்கள் எல்லாரும் படிக்கட்டும்.

நேற்றுச் சாயந்திரம் வரைக்கும் ஆபீஸ் வராந்தாவில் நின்றேன். தாள் வரவில்லை. ரிஜிஸ்டர் தபாலைப் பெற்றுக்கொண்டதற்கான அட்டை மட்டும் போன வாரமே திரும்பி வந்திருந்தது. அதில் உங்கள் கையெழுத்து தெளிவாக இருக்கிறது, நடுக்கமே இல்லை. அதையே ஆபீசரிடம் காட்டினேன். கடிதம் கிடைத்ததற்குத்தான் இது சாட்சி, கம்பெனிக்கு இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒப்புக்கொள்கிறாயா என்று என்னைக் கேட்டார். மாட்டேன் என்றேன். மாத முடிவு வரைக்கும் தவணை கொடுத்திருக்கிறார். அதற்கு மேல் இல்லை.

பொன்வேல் யாருடையது? ஒரே வரியில் எழுதுங்கள்.

மருதாசலம்